ஊரடங்கில் நாலு பேர், ஒரு கரண்டி: இதில் காமெடி எழுத முடியுமா?

கேள்வி, 22 மார்ச் 2025

2020 ஊரடங்கை வைத்து ஒரு காமெடி நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே அறையில் மாட்டிக்கொண்ட நாலு நண்பர்கள். மனசளவில் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதுதான் கதை. எழுத உட்கார்ந்தால் பத்தாவது பக்கத்திலேயே ஆளுக்கொரு நீள வசனம் பேசி அழுதுவிடுகிறார்கள். நிஜமாகவே அப்படி அடைந்து கிடந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்போது என்னதான் பேசிக்கொண்டீர்கள்?

22 மார்ச் 2025, இரவு 11.40

வசனம் பேசி அழுதார்களா? எந்த ஊரில்?

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், மூணாவது மாடி, பத்துக்குப் பன்னிரண்டு அறை. மூணு பேர் அறை அது. பக்கத்து அறைக்காரன் தனியாகக் கிடக்க முடியாது என்று பாயோடு வந்து நாலாவதாகச் சேர்ந்தான். மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அங்கேதான். ஐந்து மாதத்தில் ஒருத்தன்கூட "எனக்கு மனசு சரியில்லை" என்று வாய்திறந்து சொன்னதில்லை. சண்டைதான் போட்டோம். ஃபேனை நாலில் வைப்பதா ஐந்தில் வைப்பதா என்று. பக்கெட்டை யார் கவிழ்த்து வைக்கவில்லை என்று. கரண்டி ஒன்றே ஒன்று இருந்தது, அதற்கு நடந்த சண்டையைத் தனியாக எழுத வேண்டும்.

இன்றைக்குத் தேதி கவனித்தீர்களா? ஐந்து வருஷத்துக்கு முன் இதே நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் கைதட்டினார்களே, நாங்கள் மொட்டை மாடியில் ஓர் அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டினோம். நாலு பேருக்கு ஒரு தட்டு என்பதால் முறைவைத்துத் தட்ட வேண்டியிருந்தது. என் முறை வந்தபோது தட்டின் நடுவில் குழி விழுந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தட்டில் யார் சாப்பிட்டாலும் ரசம் நடுவில்தான் நிற்கும்.

23 மார்ச் 2025

ஆட்களைச் சொல்லாமல் விட்டேன். பெயர் வேண்டாம், அங்கே கூப்பிட்டபடியே எழுதுகிறேன்.

கணக்கு: ஆடிட்டர் ஆபீசில் வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நாலு பத்தி கோடு போட்டுச் செலவு எழுதுவான். அம்மா உணவகத்து ஒரு ரூபாய் இட்லியையும் எழுதுவான். அண்ணாச்சி: நாசரேத்துக்காரன், சமைக்கத் தெரிந்த ஒரே ஆள், அதனால் சர்வாதிகாரி. பெரிசு: வயது 27தான், ஆனால் சட்டைப்பையில் தலைவலித் தைலம் இல்லாமல் இருக்க மாட்டான், சிவகங்கைப் பக்கம். பாயோடு வந்தவன் நான்.

23 மார்ச் 2025, மதியம்

மேன்ஷனில் சமைக்கக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பைத் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தோம். மெஸ்ஸெல்லாம் மூடிய பிறகு மேனேஜருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தாளிக்கிற வாசனை கீழே போனால் அவர் மாடிப்படியில் நின்று, "என்னப்பா, யாரு ரூம்ல கடுகு வெடிக்குது?" என்று ஒரு சத்தம் கொடுப்பார். பத்து நிமிஷம் கழித்து ஒரு கிண்ணம் இறங்கிப் போகும். அதன்பின் சத்தம் வராது.

24 மார்ச் 2025

உங்கள் நாடகத்துக்கு ஒரு காட்சி இலவசம்.

ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். விளக்கை மட்டும்தான், ஃபேனை அல்ல. அதை மூணு தடவை செய்தியில் சொன்னார்கள். கணக்குக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. அடுப்பில் ரவை கொட்டி அண்ணாச்சி கிண்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் மாடியின் மெயினையே இறக்கிவிட்டான். இருட்டு. கொதி அடங்கும் சத்தம். செல்போன் வெளிச்சத்தில் அண்ணாச்சியின் முகம் மட்டும் தெரிந்தது.

"ஏலே, யாருலே அது?"

"ஒன்பது நிமிஷம்தான் அண்ணாச்சி."

"ரவைக்குத் தெரியுமாலே ஒன்பது நிமிஷம்?"

கரண்டி உப்புமாவில் நட்டபடியே நின்றது. அதை அப்படியே கவிழ்த்து, கத்தியால் வெட்டித் தின்றோம்.

24 மார்ச் 2025, இரவு

"அகல் ஏற்றினீர்களா இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அகலுக்கு வைத்திருந்த எண்ணெய்தான் உப்புமாவில்.

26 மார்ச் 2025

மனசு விஷயத்துக்கு வருகிறேன். கேட்டது அதைத்தானே.

கல்லூரிக் கூட்டாளிகள் ஒன்பது பேரோடு சனிக்கிழமைகளில் ஜூம். காசு கட்டாவிட்டால் 40 நிமிஷத்தில் அறுந்துவிடும், நினைவிருக்கும். முதல் 30 நிமிஷம் "மச்சி, உன் குரல் வரல", "மியூட்ல இருக்கடா" என்றே போகும். அப்புறம் எவன் ஊரில் எத்தனை கேஸ். 38ஆவது நிமிஷத்தில் எவனாவது தொண்டையைச் செருமுவான். "உண்மையச் சொல்லணும்னாடா, எனக்கு இந்தக் கொஞ்ச நாளா..." டப். திரை போய்விடும். எல்லோரும் மறுபடி உள்ளே வர ஐந்து நிமிஷம் ஆகும். "என்னமோ சொல்ல வந்தியே?" "ஒண்ணுமில்லடா. சாப்பிட்டியா?"

ஒவ்வொரு வாரமும் இதேதான். 38ஆவது நிமிஷத்தில் ஆரம்பித்தால் முடிக்க வேண்டியிருக்காது என்று தெரிந்துதான் ஆரம்பித்தோமோ என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்று, அம்மா போன். அப்போது யாருக்கு அடித்தாலும் மணி போவதற்கு முன் ஓர் இருமல் சத்தம் வருமே, அந்த விழிப்புணர்வு அறிவிப்பு. முதல் ஒரு வாரம் அது நான் இருமுவது என்றே அம்மா நினைத்திருந்தார். "எடுக்கும்போதே இருமுறியேடா, கஷாயம் குடிச்சியா?" நான் எடுக்கவே இல்லை அம்மா என்றால் நம்பவில்லை.

27 மார்ச் 2025

வெங்காயம். இதை மறந்தால் அண்ணாச்சி என்னை விடமாட்டான்.

ஏப்ரல் 26லிருந்து 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று இரண்டு நாள் முன்னால் அறிவித்தார்கள். 25ஆம் தேதி ஊரே கடைக்கு ஓடியது. நாங்கள் புத்திசாலிகள். வரிசை நீளம் என்பதால் பிரிந்து போனோம்: ஒருத்தன் ஜாம் பஜார், ஒருத்தன் பெரிய தெரு, ஒருத்தன் தள்ளுவண்டி. அறைக்குத் திரும்பிப் பையைக் கவிழ்த்தால் மூணு பையிலும் வெங்காயம். மொத்தம் 12 கிலோ. அரிசியை ஆளாளுக்கு இன்னொருத்தன் வாங்குவான் என்று விட்டிருக்கிறோம். நாலு நாள் வெங்காயத் தொக்கு, வெங்காயச் சாம்பார், வெங்காயத்துக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயம். சோற்றுக்கு மேனேஜரிடம் போய் நின்றோம். எங்கள் அடுப்பைத் தெரியாததுபோல இருந்த மனுஷன், தன் அறையிலிருந்து மூணு கிலோ அரிசியை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் அடுப்பு இருந்திருக்கிறது!

வெங்காயம் நறுக்கும் வேலைக்கு மட்டும் அந்த நாலு நாளும் போட்டி இருந்தது. நறுக்குகிறவனை யாரும் எதுவும் கேட்க முடியாதல்லவா. உங்கள் நாடகத்தில் யாராவது அழுதே ஆக வேண்டுமென்றால் அவன் கையில் ஒரு வெங்காயத்தைக் கொடுங்கள்.

27 மார்ச் 2025, சிறிது நேரம் கழித்து

மேலே உள்ள கடைசி வரி கொஞ்சம் சினிமாத்தனமாக வந்துவிட்டது. ஆனால் போட்டி நிஜம்.

29 மார்ச் 2025

"நடந்தே ஊர் போனவர்கள் செத்தார்கள், உங்களுக்குக் காமெடி கேட்கிறதா?" என்று ஒருவர். நியாயமான கோபம். எங்களில் மூணு பேருக்குப் பாதிச் சம்பளமாவது வந்தது, அண்ணாச்சிக்கு மட்டும் இரண்டு மாதம் எதுவும் வரவில்லை. கீழ் மெஸ்ஸில் சப்பாத்தி போட்ட பீகார் பையன் மே மாதம் சிறப்பு ரயிலில் ஊர் போனான். அதுவரை அவனும் எங்கள் சோற்றைத்தான் தின்றான். போகும்போது தன்னுடைய நீளக் கரண்டியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டாவது கரண்டி வந்த கதை அது. கரண்டிச் சண்டை அன்றோடு முடிந்ததில் எங்களுக்கே ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது.

30 மார்ச் 2025

டாஸ்மாக் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூணு பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் அறையில் யாரும் குடிப்பதில்லை. ஆனாலும் மே 7 அன்று மற்ற ஊர்களில் திறந்து சென்னையில் திறக்காதபோது அண்ணாச்சிக்கு வந்த கோபம் இருக்கிறதே! "நான் குடிக்கேன் குடிக்கல, அது வேற. எங்க ஊர்ல தொறந்துருக்கு, இங்க தொறக்கல, நாம என்ன எளப்பமா?" மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும்தான் சமாதானமானான். சென்னையில் திறக்க ஆகஸ்ட் 18 ஆகிவிட்டது. அன்றைக்கு வரிசை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மட்டும் வந்தான்.

31 மார்ச் 2025

ஜூன் மாதம். மாநகராட்சியிலிருந்து தினமும் ஓர் அக்கா வருவார். கையில் நோட்டு, நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி, கூடவே சில நாள் கபசுரக் குடிநீர். மூணு மாடி ஏறி மூச்சு வாங்க நின்று ஒரே ராகத்தில் கேட்பார்: "காய்ச்சல், சளி, இருமல், தொண்டை வலி, மூச்சுத்திணறல்?" நாங்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி "இல்லக்கா" என்போம்.

ஒருநாள் பெரிசு மட்டும், "மனசுதான்க்கா ஒரு மாதிரியா இருக்கு" என்றான். விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் நினைத்தோம். அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லையே தம்பி." கொஞ்சம் யோசித்து, "104க்கு அடிச்சுப் பேசுங்க. இல்லன்னா நாளைக்கு நான் வருவேன்ல, எங்கிட்டச் சொல்லுங்க" என்றார். மறுநாள் வந்தவர் வழக்கமான ஐந்தையும் கேட்டுவிட்டு, ஆறாவதாகப் பெரிசைப் பார்த்து, "அது?" என்றார். "பரவால்லக்கா." எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் மாதக் கடைசி வரை அந்த ஆறாவது கேள்வியை விடவே இல்லை.

மேலே ஒருத்தன்கூட வாய்திறந்து சொன்னதில்லை என்று எழுதினேன், இல்லையா. திருத்திக்கொள்கிறேன். ஒருத்தன் சொன்னான், எங்களிடம் இல்லை.

1 ஏப்ரல் 2025

எங்கள் சண்டைகளில் பெரியது உப்புச் சண்டை. இதை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறோம் தெரியுமா.

ஜூன் 19லிருந்து சென்னையில் மறுபடி கடுமையான ஊரடங்கு. 21 ஞாயிறு, தளர்வே இல்லாத முழு அடைப்பு. அன்றைக்குச் சூரிய கிரகணம் வேறு. காலை பத்தேகாலுக்கு மேல் பிடித்தது, மதியம் ஒன்றே முக்கால் வாக்கில்தான் விட்டது. வெளியே போகாதே என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது, பஞ்சாங்கமும் சொல்லிவிட்டது. பெரிசு இரண்டு தடவை தலைக்குக் குளித்தான். அறைக்குக் கொடுப்பது ஆறு பக்கெட் தண்ணீர், அதில் இரண்டு அவனுக்கே போயிற்று. "கிரகணம் உன் ஒருத்தனுக்காடா பிடிச்சுது?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

அண்ணாச்சி எலுமிச்சைச் சாதம் கிண்டினான். பெரிசு ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். "உப்பு இல்ல." அண்ணாச்சி, "இருக்கு." "இல்ல." "உன் நாக்கச் செக் பண்ணுலே, ருசி தெரியலன்னா அதுதான்." சட்டென்று எல்லோரும் பின்வாங்கி, ஒரே அறையில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போய் நின்றோம். கணக்கு சர்க்கரை டப்பாவைத் தூரத்திலிருந்து உருட்டிவிட்டான். பெரிசு ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு, "இனிக்குதுடா, இனிக்குது, போதுமா? உப்புதான் இல்ல!" என்று கத்தினான் பாருங்கள், கீழிருந்து மேனேஜர் ஓடிவந்துவிட்டார். அவரே ஒரு வாய் தின்று தீர்ப்புச் சொன்னார்: உப்பு கரிக்கிறது.

இதை அப்படியே மேடையில் போடுங்கள். இடைவேளைக்கு முன்னால்.

3 ஏப்ரல் 2025

பெரிசு இதையெல்லாம் படித்துவிட்டான். போன் செய்தான். கோபமில்லை. "எல்லாம் சரியாத்தான்டா எழுதியிருக்க. கிரகணத்துக்குக் குளிச்சேன்னு போட்டிருக்கியே, அது மட்டும் இல்ல. எங்க சித்தப்பா செத்த அன்னிக்குடா அது."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் சித்தப்பா போனது ஜூலையில். மொட்டை மாடியில் எங்களிடம் சொன்னானே, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா இல்லாதவனைப் படிக்க வைத்த சித்தப்பா.

"ஒங்ககிட்ட சொன்னதுதான்டா ஜூலை. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சப்புறம்."

இதற்குமேல் என்னத்தை எழுதுவது. பிறகு வருகிறேன்.

4 ஏப்ரல் 2025

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து இ-பாஸுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். அவன் போய்ச் சேர எப்படியும் ஒரு நாள் ஆகும் என்று ஊரில் பெரியவர்கள் கணக்குப் போட்டு, அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். பாஸ் மறுநாள் காலை போனில் வந்தது. காலையில் சேதி கேட்டு ஒரு தடவை தலை முழுகினான், மதியம் ஊரில் சித்தப்பாவைக் குளிப்பாட்டும் நேரத்துக்கு இன்னொரு தடவை. நான் கிரகணக் கேலி பேசினேன்.

ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா மூணு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க. அந்த ரூம்ல அத வேற யாரு பாக்குறது? உப்புக்குச் சண்டை போட்டதுல எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்துச்சு."

உப்பு இருந்ததா இல்லையா என்றும் கேட்டேன். "கரிச்சுதுடா."

4 ஏப்ரல் 2025, மாலை

ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறார் போல. "21 முழு அடைப்பு என்றால் எலுமிச்சம்பழம் எங்கே கிடைத்தது?" என்கிறார். கணக்கிடம் கேட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறதாம்! ஜூன் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். 20 சனி: எலுமிச்சை 5, ரூ. 20. சந்தேகம் தீர்ந்தது.

அதே நோட்டின்படி வெங்காயம் 12 கிலோ இல்லை, 11. மன்னிக்கவும்.

5 ஏப்ரல் 2025

நேற்று எலுமிச்சையை மட்டும் பார்த்தேன். இன்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், 22லிருந்து 30 வரை பெரிசு பத்தியில் எதுவுமே இல்லை. ஒன்பது நாளும் வெறும் கோடு. ஒரு ரூபாய் இட்லியை எழுதுகிற ஆள்.

கேட்டேன். கொஞ்ச நேரம் மழுப்பினான். அப்புறம் சொன்னான்: அன்று காலை மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த பெரிசு, "மச்சி, ஒன் பைக் நம்பர் சொல்லு, ஆர்.சி.யும் குடு" என்று மட்டும் கேட்டானாம். எதற்கு என்றால் ஃபார்மில் கேட்கிறது என்றானாம். பாஸ் கேட்க என்னென்ன காரணம் இருக்கிறது என்று கணக்குக்குத் தெரியும்: கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி. கல்யாணமாக இருந்தால் இவன் சொல்லியிருப்பான், ஆஸ்பத்திரி என்றால் பணம் கேட்டிருப்பான். பைக்குக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான். பிறகு சர்க்கரை டப்பாவை உருட்டிவிட்டதும் இவன்தான். தெரிந்துகொண்டே.

"அவனாச் சொல்றப்ப சொல்லட்டும்னு விட்டேன்" என்கிறான்.

6 ஏப்ரல் 2025

இதையெல்லாம் நாலு பேர் குழுவில் போட்டிருக்கக் கூடாது. போட்டுவிட்டேன்.

பெரிசு முதலில் ஒன்றும் எழுதவில்லை. அரைமணி கழித்து, "நாளைக்கு 71 ரூபா, ஒன்பது நாள், 639. அனுப்பிட்டேன்" என்று கணக்குக்குப் போட்டான். அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சிக்குப் பொறி தட்டியது. பெரிசின் பங்கைக் கணக்கு தன் கையிலிருந்து போட்டானா, இல்லையா? நோட்டைப் பார்த்தோம். அந்த ஒன்பது நாளும் மொத்தத்தை மூணால் வகுத்து என் பத்தியிலும் அண்ணாச்சி பத்தியிலும் சேர்த்தே எழுதியிருக்கிறான். சம்பளம் வராத அண்ணாச்சியிடமும் வாங்கியிருக்கிறான். வெங்காய விலை ஏறிவிட்டது என்று எங்களிடம் சொன்னதாக எனக்கு மங்கலாக ஞாபகம்.

"ஏலே, எங்கிட்ட 213 ரூவா கூட வாங்கியிருக்க!"

கணக்கு பெரிசின் பணத்தை மூணாகப் பிரித்து 213 வீதம் எங்கள் இருவருக்கும் அனுப்பினான். அண்ணாச்சி அதைப் பெரிசுக்குத் திருப்பி அனுப்பினான். பெரிசு அண்ணாச்சிக்கு மறுபடி அனுப்பினான். நேற்று ராத்திரி பதினோரு மணி வரை இது ஓடியது. நானும் இரண்டு தடவை அனுப்பி இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். கணக்கு மட்டும் தன் 213ஐ வைத்துக்கொண்டு, ஐந்து வருஷத் தாமதத்துக்கு வட்டி தள்ளுபடி என்று எழுதிப் பெரிசுக்கு ரசீது அனுப்பியிருக்கிறான்.